நிறுத்திவைத்த திருத்தம்

தராசைச் சோதிக்கும்போது மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். பலருக்கு இது தெரியாது. தட்டின் மேல் காற்று பட்டால் இரண்டு மூன்று கிராம் கூடவோ குறையவோ காட்டும். இந்த அறையிலும் விசிறி ஓடுகிறது. ஓடட்டும், இங்கே நாம் எதையும் நிறுக்கப் போவதில்லை. என் தொழில் அது என்பதால் சொன்னேன். கடைத் தராசுகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்து, கடைசியில் ஈய முத்திரை அடித்துக் கொடுக்கிறேன். முத்திரை விழுந்த பிறகு உள்ளே யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால், சரியாகவே எடை காட்டினாலும் அது செல்லாத தராசு.

போட்டிக் குழுவில் எனக்கு ‘சீல்’ என்று பெயர் வந்தது இப்படித்தான்.

திங்கள் காலை ஏழு பத்துக்கு என் தம்பி அனுப்பிய திருத்தம் புதன் மாலை நாலு இருபது வரை ஏன் வெளியாகவில்லை என்று கேட்டீர்கள். நீங்கள் மூன்று நாள் என்கிறீர்கள். கணக்காகச் சொன்னால் ஐம்பத்தேழு மணி நேரமும் பத்து நிமிடமும். நேராகவே பதில் சொல்லிவிடலாம். ஆனால் போட்டி எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அந்தப் பதிலைக் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எழுத்தாலேயே ஆன கணினி ஆட்டங்களுக்கான போட்டி அது. திரையில் ‘நீ ஓர் அறையில் இருக்கிறாய், மேசை மேல் ஒரு பெட்டி’ என்று வரும். நாம் ‘பெட்டியைத் திற’ என்று தட்டுவோம். அது திறக்கும், அல்லது பூட்டியிருக்கிறது என்று சொல்லும். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும், ஆடுபவர் என்ன தட்டுவார் என்று முன்கூட்டி யோசிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று. ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த நாளுக்குள் எல்லோரும் அனுப்புவார்கள். அதன்பின் நாற்பது நாள் நடுவர்கள் ஆடி மதிப்பெண் போடுவார்கள். பள்ளியில் கணக்கு நடத்திய ஒரு டீச்சர் இதைத் தொடங்கினார். இன்றும் அவர்தான் தலைவர். ஆட்டங்கள் இருக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது பதினொரு வருடமாக நான்.

முதல் வருடம் நானும் ஓர் ஆட்டம் அனுப்பினேன். ஒரு கலங்கரை விளக்கம், ஏழு மாடி, ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கதவு. ஆறு மாதம் வேலை செய்தேன். நடுவர்கள் ஆடத் தொடங்கிய இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தேன். இரண்டாம் மாடிச் சாவியை எடுக்கவே முடியவில்லை. ‘சாவியை எடு’ என்றால் ‘அப்படி எதுவும் இங்கே இல்லை’ என்று ஆட்டம் சொல்லியது. ஒரே ஒரு வரியில் பிழை. மேலே ஐந்து மாடிகளை யாரும் பார்க்கவில்லை. டீச்சரிடம் போய், ஒரே ஒரு வரியை மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டேன்.

“முடியாதுப்பா. உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும். நேத்து ஆடினவர் ஒண்ணு ஆடியிருப்பார், இன்னிக்கு ஆடறவர் வேற ஒண்ணு ஆடுவார். அப்புறம் எதை வெச்சு மார்க் போடறது?” என்றார்.

இருபத்தேழு ஆட்டங்களில் என்னுடையது இருபத்தேழாவது.

நான் கோபப்படவில்லை. யோசித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் தாங்கிக்கொள்ள முடிந்தது. அடுத்த வருடம் சர்வர் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு எத்தனையோ பேர் நடுவில் திருத்தக் கேட்டார்கள். சிலர் அழுதிருக்கிறார்கள். ஒருவருக்கும் விட்டதில்லை. யாரையும் ஏசியதும் இல்லை. டீச்சர் எனக்கு விளக்கியதைப் போலவே பொறுமையாக விளக்குவேன்.

இந்த வருடம் தொடக்கத்தில், நூலக மாடியில் நடந்த கூட்டத்தில் அந்த விதியை மாற்ற வேண்டும் என்று பேச்சு வந்தது. கிளப்பியது தையல்காரம்மா. அவர் ஆறு வருடமாக நடுவர். சந்தைக்குப் பின்னால் சின்னதாக ஒரு தையல்கடை. நல்ல நடுவர், அதை நான் மறுக்க மாட்டேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம் கருத்து எழுதுவார்.

“ஒரு சட்டை தைக்கிறேன். போட்டுப் பார்க்கிறாங்க, கைக்குழி இறுக்குது. பிரிச்சுத் தைச்சுக் கொடுப்பேனா, இல்ல கொடுத்தது கொடுத்ததுதான், மூச்சு முட்டினாலும் போட்டுக்கிட்டுப் போன்னு சொல்வேனா?” என்று கேட்டார்.

“சட்டைக்குப் போட்டி கிடையாதும்மா,” என்றேன்.

“சீல் அண்ணனை விட்டா சட்டைக்கும் ஈயத்துல ஒண்ணு அடிச்சுத்தான் அனுப்புவார்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் தம்பி மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தான். அவன் இந்த முறை போட்டியாளன். கருத்துச் சொல்ல வந்திருந்தான்.

“அண்ணே, தப்புன்னு தெரிஞ்சும் திருத்த விடாம வெச்சிருக்கிறதுக்குப் பேரு நியாயமா? வீம்புண்ணே அது,” என்றான்.

அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் அப்படித்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எதையும் ஓடவிட்டுக்கொண்டே சரிசெய்து பழகியவன். நான் எடுத்துக்கொண்டது டீச்சர் அடுத்துச் சொன்னதை. அவர் என்னைப் பார்த்து, “அன்னிக்கு உங்க சாவியைத் திருத்த விட்டிருக்கலாம். பிடிவாதம் பிடிச்சுட்டேன். எனக்கு இன்னமும் அது உறுத்துதுப்பா,” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவனை வரிசையின் கடைசியில் நிறுத்துகிறீர்கள். அதற்கு ஒரு காரணம் சொல்கிறீர்கள். அவன் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு பதினொரு வருடம் ஓட்டுகிறான். பிறகு ஒருநாள், அது காரணமே இல்லை, பிடிவாதம் என்கிறீர்கள். அந்த ஐந்து மாடிகளை அவன் என்ன செய்வான்?

வாக்கெடுப்பில் நாலு பேர் மாற்றத்துக்கு, நான் ஒருவன் எதிராக. தோற்றவனிடமே விதியை எழுதித் தரச் சொன்னார்கள். அப்படி எழுதும் பொறுமை வேறு யாருக்கும் கிடையாது. எழுதினேன். ‘போட்டியாளர்கள் நடுவர் காலத்தில் திருத்திய பதிப்புகளை அனுப்பலாம். நிர்வாகி சோதித்த பிறகு அவை வெளியிடப்படும்.’ இரண்டே வாக்கியம். எல்லோரும் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இனி பட்டியல். இது எனக்குப் பிடித்த பகுதி. எல்லா நடுவர்களும் ஒரே வரிசையில் ஆடினால் முதலில் வரும் ஆட்டத்துக்குச் சலுகை, கடைசி ஆட்டத்துக்குச் சலிப்பு. அதனால் ஒவ்வொரு நடுவருக்கும் வரிசையைக் கலைத்துத் தருவோம். கணினிக்குத் தானாகக் கலைக்கத் தெரியாது. நாம் ஓர் எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து பெருக்கி, வகுத்து, மீதியை எடுத்து அது ஒரு வரிசையைச் செய்யும். பார்க்கத் தற்செயல் போலவே இருக்கும். ஆனால் அதே எண்ணைக் கொடுத்தால் எத்தனை முறையும் அதே வரிசைதான் வரும். எனக்கு இது எப்போதும் அழகாகத் தெரியும்.

நடுவர்கள் சேரும்போது ஒரு படிவம் நிரப்புவார்கள். எந்த வகைக் காட்சிகளைத் தவிர்க்க விரும்புகிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. ஒருவர் நாய் சாவது வேண்டாம் என்று எழுதியிருந்தார். தையல்காரம்மா, ‘மின்னி மின்னி எரியும் ஒளி. எனக்கு வலிப்பு உண்டு. வேறு யாருக்கும் தெரிய வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். தெரிந்தால் வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவருக்கு ஒரு கவலை. நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அப்படிப்பட்ட ஆட்டங்களை அவர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது என் வேலை. ஐந்து வருடம் சரியாகச் செய்தேன்.

தம்பியின் ஆட்டம் லிஃப்டில் சிக்கிய ஒரு பெண்ணைப் பற்றியது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது. வெளியே ஒரு குரல் மட்டும் கேட்கிறது. நன்றாக இருந்தது. என் கலங்கரை விளக்கத்தைவிட நன்றாக இருந்தது என்றே சொல்வேன். அவன் முதலில் அனுப்பியதில், ‘ட்யூப்லைட் விட்டு விட்டு எரிகிறது’ என்று எழுத்தில்தான் இருந்தது. அதனால் தையல்காரம்மாவின் பட்டியலில் அது இருந்ததில் தப்பில்லை.

பன்னிரண்டாம் நாள் அவன் ஒரு திருத்தம் அனுப்பினான். கூடவே ஒரு குறிப்பு. ‘அண்ணே, லைட்டு இனிமே நிஜமாவே விட்டு விட்டு எரியும். பயந்துடாதே.’ நான் சோதித்தேன். அந்த இடம் வந்ததும் திரை முழுவதும் வெள்ளையும் கறுப்புமாக மாறி மாறி அடித்தது. நொடிக்கு மூன்று முறைக்கு மேல் போனால் ஆபத்து என்று சொல்வார்கள். இது பதினைந்து இருக்கும். அவனுக்கு அந்த மூன்று தெரியாது. எனக்குத் தெரியும். வெளியிட்டேன். திருத்தங்களை வெளியிடத்தானே வாக்களித்தார்கள்.

தையல்காரம்மாவின் பட்டியலிலிருந்து அதை எடுக்கவில்லை. படிவம் பழைய பதிப்பை வைத்துச் சரிபார்க்கப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. நடுவில் மாற்றினால் இப்படியெல்லாம் ஓட்டை விழும் என்று அந்த நூலக மாடியிலேயே சொல்லியிருந்தேன். அப்போது சட்டை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு நடுவர், தபால்காரர், தம்பிக்கு எழுதினார். ‘அந்த லைட் வர்ற இடத்துல தலை சுத்துது தம்பி, கண்ணைத் தொறக்க முடியலை.’ தம்பி பதறிவிட்டான். அன்று முழுக்க உட்கார்ந்து அந்த மினுக்கலை எடுத்துவிட்டு, திங்கள் காலை ஏழு பத்துக்கு அனுப்பினான். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அவன் மாடியில், நான் கீழே. அனுப்பிய கையோடு படியிறங்கி வந்தான்.

“போட்டுட்டியாண்ணே?”

“வரிசையில இருக்குடா. சோதிக்கணும்ல.”

“ஒரே ஒரு வரிண்ணே. அதை எடுத்துட்டேன், அவ்வளவுதான். யாருக்காவது ஏதாவது ஆயிடப் போகுதுண்ணே.”

ஒரே ஒரு வரி என்று அவன் சொன்னதை நான் கவனித்தேன். அவன் வேலைக்குப் போன பிறகு சோதித்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆனது. திருத்தம் சரியாக இருந்தது.

அன்று இன்னொரு வேலையும் இருந்தது. சனிக்கிழமை ஒருவர் தன் ஆட்டத்தைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். பட்டியல்களில் அந்த ஒரு பெயரை அடித்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது அரைகுறை வேலையாகத் தோன்றியது. மீதியிருந்த ஆட்டங்களை மறுபடி கலைத்து, புதன்கிழமை முதல் புதிய பட்டியலைப் பின்பற்றும்படி எல்லா நடுவர்களுக்கும் அனுப்பினேன். தையல்காரம்மாவுக்குப் பதினாலு ஆட்டங்கள் மிச்சம். ஒரு குறிப்பிட்ட ஆட்டம் முதலில் வர வேண்டுமென்றால் சராசரியாகப் பதினாலு எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு ஒன்பதாவது எண்ணிலேயே வந்துவிட்டது. பட்டியலில் நான் கை வைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைத்தான் தேர்ந்தெடுத்தேன். வரிசையைச் செய்தது கணினி.

தையல்காரம்மா ஒழுங்கானவர். மதியம் இரண்டு மணிக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெட்டும் மேசையில் கணினியை வைத்து ஓர் ஆட்டம் ஆடுவார். நாலு மணிக்கு மதிப்பெண் வந்துவிடும். ஷட்டர் இறங்கினால் உள்ளே இருட்டாக இருக்கும். சுற்றிலும் இருட்டாக இருந்தால் மின்னும் ஒளி கண்ணை இன்னும் பலமாகத் தாக்கும். இது தெரிந்த விஷயம்தான். திரையரங்கில் கைப்பேசியைத் திறந்தால் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிப்பாரே, அதே தத்துவம்.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்கிறீர்கள். அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஒருமுறை உடம்பில் பட்டால் புரிந்துகொள்வார் என்று நினைத்தேன். கையில் கொடுத்த பிறகு ஒரு பொருளை மாற்றினால், அது கொடுத்த பொருள் இல்லை என்பது. நாற்காலியிலிருந்து விழுவார், எழுவார், அடுத்த கூட்டத்தில் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார். இதற்கு மேல் எனக்கு எந்த எண்ணமும் இல்லை.

செவ்வாய் இரவு சாப்பிடும்போது தம்பி மறுபடி கேட்டான். வரிசையில் இருக்கிறது என்றேன்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு அவர் ஆட்டத்தைத் திறந்தது சர்வரில் தெரிந்தது. ஒவ்வொரு கட்டளையும் அங்கே பதிவாகும். ‘பொத்தானை அழுத்து.’ ‘கத்து.’ ‘கதவில் காது வை.’ நிதானமாக ஆடுகிறவர். இரண்டு நாற்பத்தாறுக்கு ‘விளக்கைப் பார்’ என்று தட்டினார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

நான் கடையில் ஒரு மேசைத் தராசைப் பிரித்து வைத்திருந்தேன். அதன் சுருள்வில்லை மாற்றினேன். மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. அழைத்துப் பார்த்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆட்டத்தின் நடுவில் நிர்வாகி நடுவரைத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று இன்னொரு விதி இருக்கிறது. முதல் வருடத்திலிருந்தே உண்டு, அதை யாரும் மாற்றவில்லை. நாலு மணிக்கு மதிப்பெண் வரவில்லை. இருபது நிமிடம் பொறுத்தேன், சிலசமயம் கருத்து எழுத நேரமாகும் என்று. பிறகு தம்பியின் திருத்தத்தை வெளியிட்டேன். மற்ற நடுவர்களில் யாருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாது இல்லையா.

ஐந்து மணிக்குக் கோட்டு வாங்கிப் போக வந்த ஒருவர் ஷட்டரைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். விழும்போது தையல் மெஷினின் இரும்புக் காலில் தலை இடித்திருக்கிறது. அரைமணி நேரத்துக்குள் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாக டீச்சர் சொன்னார். திரையில் இன்னும் மினுக்கிக்கொண்டுதான் இருந்ததாம். ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் ஆட்டத்துக்குத் திருத்தம் போய்ச் சேராது. மூடித் திறந்தால்தான் சேரும். அது அப்படித்தான் வேலை செய்யும்.

தம்பி அன்றிரவு கீழே வந்தான். கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

“நான் திங்கக்கிழமையே எடுத்துட்டேனேண்ணே. எப்படிண்ணே?”

“நானும் திங்கக்கிழமையே போட்டுட்டேன்டா. நீ சரியா எடுக்கலை. இன்னும் எரியுது.”

“என் மெஷின்ல எரியலையே.”

“ஒவ்வொரு மெஷின்லயும் ஒவ்வொரு மாதிரிடா. விடு. நீ வேணும்னு செய்யலை.”

அவனை அதட்டவில்லை. தோளைத் தட்டிக் கொடுத்தேன். அதன் பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. தன் கணினியைத் துணியால் மூடிவைத்துவிட்டான். சாப்பிடுவதற்குக் கூப்பிட்டால் வருவான், தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பான். ஒருநாள், “ஒரு வரியைக்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியாதவன் லிஃப்டுல கை வைக்கலாமாண்ணே?” என்று கேட்டான். எனக்குப் பாவமாக இருந்தது. அந்த நிலையை நானும் பார்த்தவன். தாங்கிக்கொள்ளப் பழக வேண்டும் என்று சொன்னேன்.

குழு மறுபடி கூடியது. நடுவில் திருத்தக் கூடாது என்ற பழைய விதி ஒருமனதாகத் திரும்பி வந்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொன்னதுதான்பா சரி. நாங்கதான் கேக்கலை,” என்று அழுதார். அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். ஜெயித்தவன் போல நடந்துகொள்ள எனக்குப் பிடிக்காது.

தம்பி தானாக உங்களிடம் வந்து, நான்தான் அந்த அம்மாவைக் கொன்றேன், என்னைப் பிடித்து உள்ளே வையுங்கள் என்று சொல்லியிருக்கிறான். ஆதாரத்துக்குத் தன் திருத்தத்தையும் கொண்டு வந்து கொடுத்திருக்கிறான். நீங்கள் அதை எட்டு கணினிகளில் போட்டுப் பார்த்தீர்கள், எதிலும் மினுக்கவில்லை. பிறகு சர்வர் பதிவைப் பார்த்தீர்கள். புதன் நாலு இருபது என்று இருந்தது. அந்தப் பதிவை நான் மாற்றியிருக்க முடியும், ஒரு நிமிட வேலை. பதிவில் கை வைக்கிற ஆள் நான் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னீர்கள். திருத்தம் சரியாகத்தான் இருந்தது என்று அவனிடம் சொல்ல வேண்டுமென்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அவனுக்கு வருத்தமாக இருக்கும்.

கேட்டதற்கு நேரான பதில் இதுதான். திருத்தம் சரி என்று தெரிந்தே நிறுத்திவைத்தேன். அவர் எந்த நாளில், எந்த நேரத்தில் அதை ஆடுவார் என்று தெரிந்தே நிறுத்திவைத்தேன். இதில் விதிமீறல் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். சோதித்த பிறகு வெளியிட வேண்டும் என்றுதான் இருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்குள் என்று இல்லை. எழுதும்போது விட்டுப்போய்விட்டது. அந்தக் குறை என்னுடையது, அதை ஒப்புக்கொள்கிறேன். திங்கட்கிழமையே அது என் கண்ணில் பட்டது. ஒரு கால வரம்பைச் சேர்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் போட்டி தொடங்கிவிட்டிருந்தது. தொடங்கிய பிறகு எதையும் மாற்றக் கூடாது.